ஸ்பானியச் சொற்களுக்கு ஃபிளாஷ் கார்டு: அட்டையின் முன்பக்கம் தமிழில் இருக்கட்டும்

ஸ்பானிய மொழி கற்பிக்கும் எனக்குப் புதிதாக வந்து சேரும் மாணவர்களிடமிருந்து அடிக்கடி கிடைக்கும் முறையீடு ஒன்று உண்டு: “ஆயிரம் கார்டுக்கு மேல முடிச்சிட்டேன், ஆனா வாயைத் திறந்தா ஒரு வாக்கியம் வரல.” இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர், முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக உள்ள அட்டைகளை நாள் தவறாமல் செயலியில் திறந்து படித்தவர்கள். குறை பெரும்பாலும் அவர்களது நினைவாற்றலில் இல்லை, அட்டை எழுதப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது.

அப்படி வந்த மாணவி ஒருவரிடம், “எனக்குத் தலை வலிக்கிறது” என்பதை ஸ்பானியத்தில் சொல்லுமாறு கேட்டேன். தலைக்கும் வலித்தலுக்கும் உரிய சொற்கள் இரண்டுமே அவருக்குத் தெரிந்திருந்தன. ஆனால் அவர் இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட அட்டைகள் ஆங்கிலம் அறிந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதால், ஆங்கில வாக்கியத்தை மனத்தில் அமைத்துக்கொண்டு, “மி கபேஸா எஸ்தா தோலியெந்தோ” என்று சொல்லுக்குச் சொல் மாற்றினார். ஸ்பானியர்கள் சொல்வதோ “மே துவேலெ லா கபேஸா”. இதில் ‘மே’ என்பது ‘எனக்கு’, ‘துவேலெ’ என்பது ‘வலிக்கிறது’, ‘லா கபேஸா’ என்பது ‘தலை’. கால்கள் வலித்தால் ‘துவேலென்’ என்று வினை பன்மையாகும், நாம் ‘வலிக்கின்றன’ என்று எழுதுவதைப் போலவே. “எனக்குக் காபி பிடிக்கும்” என்பதும் இதே அமைப்பில், “மே குஸ்தா எல் கஃபே” என்றுதான் வருகிறது. ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களைப் பல வாரங்கள் அலைக்கழிக்கும் இந்த நான்காம் வேற்றுமை அமைப்பு தமிழருக்குப் பிறப்பிலேயே கைவந்தது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடும் அப்படித்தான். ஸ்பானியத்தில் நெருக்கமானவர்களுக்குத் ‘தூ’, மரியாதைக்கு ‘உஸ்தெத்’ என இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கில அட்டையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் நிற்கும். ‘ஆப்லோ’ என்ற வினையில், ‘பேசுகிறேன்’ என்பதில் இருப்பதைப் போலவே, பேசுபவர் யார் என்பது விகுதியிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கில அட்டையில் பயின்றவர்களோ வாக்கியந்தோறும் ‘நான், நான்’ என்று தேவையின்றிச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

தமிழ் நமக்குக் கைகொடுக்காத இடங்களும் உண்டு. நமக்குப் பொருள்கள் எல்லாம் அஃறிணை. ஸ்பானியத்தில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஆகவே பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாமல், ஆண்பாலுக்குரிய ‘எல்’ அல்லது பெண்பாலுக்குரிய ‘லா’ என்ற முன்சொல்லுடனேயே அட்டையில் எழுத வேண்டும். ஓசையைப் பார்த்துப் பால் சொல்ல முயன்றால் ஏமாற்றம்தான்: ‘புரொப்லேமா’ ஆண்பால், ‘மானோ’ (கை) பெண்பால். தண்ணீரைக் குறிக்கும் ‘அகுவா’ பெண்பாலாக இருந்தும் ஒருமையில் ‘எல்’ ஏற்கும் என்பதால், ‘எல் அகுவா ஃப்ரியா’, அதாவது குளிர்ந்த நீர், என்று பெண்பால் அடைமொழியோடு எழுதிவைப்பதே பாதுகாப்பானது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கட்டுரையில் வாசிப்பு வசதிக்காக நான் அவ்வாறு எழுதியிருந்தாலும், ‘த’ என்ற ஒரே எழுத்து ஸ்பானியத்தின் இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அட்டையில் ஒலிப்பதிவை இணையுங்கள். கைப்பேசியில் ஸ்பானிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஆண்டு’ என்ற சொல்லில் எழுத்தின் மேலுள்ள அலைக்கோட்டை விட்டுவிட்டால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும்; வயதைச் சொல்லும் வாக்கியத்தில் அந்தப் பிழை நேர வேண்டுமா?

அட்டையைப் புரட்டும் முன் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கார்ப்பிக், ரோடிகர் என்னும் உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 40 ஸ்வாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்றார்கள். எல்லாச் சொற்களிலும் தொடர்ந்து தம்மைச் சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லைச் சோதனையிலிருந்து விலக்கி, படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. விடையைப் பார்த்து “ஆமாம், தெரியும்” என்று தலையாட்டுவது படிப்பதாகுமே தவிர, சோதனை ஆகாது.

செயலிகளில் நான் பரிந்துரைப்பது 2006-இல் வெளிவந்த ‘அங்கி’. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோனில் விலை கொடுக்க வேண்டும். இதில் மிகப் பலர் செய்யும் தவறு, விடை மறந்துபோன அட்டைக்கு ‘ஹார்டு’ பொத்தானை அழுத்துவது. அந்தப் பொத்தான் ‘சிரமப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன்’ என்று பொருள்படும். மறந்தவர் அதை அழுத்தினால் செயலி அவருக்குச் சொல் தெரியும் என்று கணக்கிட்டு, அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போட்டுவிடும். மறந்ததற்கு உரியது ‘அகெய்ன்’ மட்டுமே. நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்ற இயல்பு அமைப்பையும் வேலைக்குப் போகிறவர்கள் 7 அல்லது 8 ஆகக் குறைத்துக்கொள்வது நல்லது. புதிய அட்டை ஒவ்வொன்றும் பின்னர் பலமுறை திரும்பி வரும் என்பதை எண்ணாமல் தொடங்குபவர்கள், ஒரு மாதத்தில் குவியும் நிலுவையைக் கண்டு மலைத்து, செயலியையே நீக்கிவிடுகிறார்கள்.

கற்று முடித்த ஓர் அட்டை 8 முறை மறந்துபோனால் அங்கி அதை ‘லீச்’, அதாவது அட்டைப்பூச்சி, என்று குறித்துவைக்கும். அதை மீண்டும் மீண்டும் உருப்போடாமல் திருத்தி எழுதுங்கள். மேலே சொன்ன மாணவிக்கு ‘இன்னும்’ என்று பொருள்படும் ‘தோதவீயா’ அவ்வாறு ஒட்டாமலே இருந்தது. அந்த அட்டையை அழித்துவிட்டு, முன்பக்கத்தில் “நான் இன்னும் சாப்பிடவில்லை” என்றும், பின்பக்கத்தில் “தோதவீயா நோ எ கொமீதோ” என்றும் எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்துகொண்டார். சில நாள் கழித்து மதிய வகுப்பின் தொடக்கத்தில், “யா ஆஸ் கொமீதோ?” என்று, சாப்பிட்டாயிற்றா என்ற பொருளில், வழக்கம்போல விசாரித்தேன். அவர் சற்றும் தயங்காமல், “தோதவீயா நோ” என்றார்.