ஏற்காட்டில் விடியற்காலை ஸ்டார்ட் ஆகாத லாரி

ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களை ஏற்றிக்கொண்டு இரவு அங்கேயே தங்கிய லாரி, காலை 6 மணிக்குச் சாவியைத் திருப்பியதும் நான்கைந்து முறை முனகிவிட்டு அடங்கிவிடுகிறது. முந்தைய நாள் சேலத்தில் அதே வண்டி அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. ஓட்டுநர் குளிர்மேல் பழி போடுவார். பட்டறையில் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக், எஞ்சினில் கோளாறே இல்லை என்பார். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தால், இருவரும் பாதி சரியாகவே சொல்கிறார்கள் என்பது புரியும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை ஏறத்தாழ 17 மடங்கு அழுத்தும்போது அது தானே சூடாகிறது; அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சும் டீசல் பற்றிக்கொள்கிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில், அழுத்தத்தின்போது ஓரளவு வெப்பம் சுவர்களுக்குப் போய்விடுவதைக் கணக்கில் கொண்டு, காற்றின் சூட்டைக் கணக்கிடும் சூத்திரத்தின் அடுக்கெண்ணை 1.3 என வைத்துக்கொண்டால், சேலத்துப் பகலின் 32 டிகிரிக் காற்று சுமார் 440 டிகிரி செல்சியஸையும், ஏற்காட்டு ஜனவரி விடியலின் 12 டிகிரிக் காற்று சுமார் 395 டிகிரியையும் எட்டும். டீசல் தானாகத் தீப்பிடிக்கும் வெப்பநிலை 210 முதல் 250 டிகிரி வரை. ஆகவே 12 டிகிரிக் குளிருக்கு ஒரு நல்ல எஞ்சின் நின்றுபோக வேண்டியதே இல்லை.

இனி சிலிண்டரில் காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரான செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தும் நேரம் நீளுவதால் காற்றும் வெப்பமும் கூடுதலாகக் கசிய, அடுக்கெண் 1.2 ஆக இறங்கும். அப்போது சேலத்தில் 265 டிகிரி கிடைக்கும். ஏற்காட்டில் 229 டிகிரிதான். ஒன்று எல்லைக்கு மேலே இருக்கிறது, மற்றது எல்லைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. போதாததற்கு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், டீசல் பற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுகிறது. முன்பே இருந்த கோளாறைத்தான் மலை வெளியே காட்டுகிறது.

எனவே எதையும் கழற்றுவதற்கு முன், செல்ஃப் சுற்றும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் போய் நிற்க வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, சூடு போதாமல் எரியாமலே வெளியே வருகிறது என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வெண்புகையைக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால் மூக்கை நம்புவதே மேல்; எரியாத டீசலின் நெடி கண்ணைக் கரிக்கும், பனிக்கு அந்த நெடி கிடையாது.

வெண்புகை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சுற்றும் வேகம். 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்திருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது வீணாகும். ஆகவே செல்ஃப் சுற்றும்போதே ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு பேட்டரியின் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதைச் சந்தேகிக்கலாம். மீட்டர் இல்லாத இடத்தில் விரலே போதும். பத்து விநாடி சுற்றிவிட்டு நிறுத்தி, டெர்மினல்களையும் எர்த் கேபிள் சேசிஸில் இணையும் போல்ட்டையும் எச்சரிக்கையாகத் தொட்டால், ஒன்று மட்டும் சுடும். பச்சை பூத்த அந்த இணைப்பில் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குத் தடை இருந்தாலே, 400 ஆம்பியர் பாயும்போது 0.4 வோல்ட் அங்கே தொலைந்து, 160 வாட் வெப்பமாகிவிடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் தீரும் கோளாறுக்குப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் நிறையப் பேர். ஸ்டார்ட் செய்வதற்கு உதவியாகச் சூடேற்றும் ஹீட்டர் உள்ள வண்டிகளில் அதற்கு மின்சாரம் வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

புகையே வராத வண்டியில் பெரும்பாலும் பைப்பில் காற்று புகுந்திருக்கும். டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்பான ஹேண்ட் பிரைமரை இருபது முப்பது முறை அழுத்தியதும் ஸ்டார்ட் ஆகிறதென்றால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிட்டது என்று அர்த்தம். நிற்கும்போது வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாத பழைய வாஷர் ஒன்று, உள்ளே காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க மலைச்சரிவே ஒரு கருவி. ஒருநாள் இரவு வண்டியை முகம் மேட்டைப் பார்த்தபடி நிறுத்தினால் எஞ்சின் டேங்கைவிட உயர்ந்துவிடும். மறுநாள் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முகம் பள்ளத்தைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். முதல் காலை மக்கர் செய்து, இரண்டாம் காலை உடனே ஸ்டார்ட் ஆனால் காற்றுக்கசிவு ஏறக்குறைய உறுதி. டேங்கிலிருந்து வரும் பைப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் டியூபைப் பொருத்தினால், குமிழிகள் ஓடுவதையே பார்க்கலாம். எல்லா நாசில்களுக்கும் பொதுவான உயரழுத்தக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: ரெயிலில் சுமார் 200 பார் அழுத்தம் ஏறும்வரை நாசில் திறக்காது என்பதால், பேட்டரி சோர்ந்திருந்தாலும் புகை வராமல் போகலாம்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் என்னால் ஏற்க முடியவில்லை. எஞ்சின் ஓடாதபோது ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது.

பேட்டரி, இணைப்பு, ஹீட்டர், டீசல் வரத்து எல்லாம் சரியாக இருந்தும் வெண்புகை மட்டும் தொடர்ந்தால், மிஞ்சுவது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று அழுத்தப்படும் அளவுதான். வளைவுகளில் இறங்கி வந்த எஞ்சின் சூடாக இருப்பதால், ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் விரிந்து இடைவெளி குறைந்து, அளவு நல்லதாகவே காட்டும். ஆகவே வண்டியை மாலையிலேயே பட்டறையில் விட்டுவிட்டு, மறுநாள் காலை யாரும் சாவியைத் தொடுவதற்கு முன் அளக்கச் சொல்ல வேண்டும்.