யோகா வீடியோவைப் போடுவதற்கு முன், உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்

வீட்டில் வீடியோ பார்த்து யோகா செய்து, இருந்த வலியோடு இல்லாத வலியையும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களைப் பிசியோதெரபிஸ்டாக நான் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லி அனுப்புவேன். சென்ற வாரம் வந்த பெண்மணியைப் பார்த்தபின் அந்தப் பொறுமை போய்விட்டது.

ஐம்பதைத் தாண்டியவர், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர். இடுப்பு இறுக்கமாக இருக்கிறதென்று, பத்தே நிமிடத்தில் முதுகுப் பிடிப்பைப் போக்குவதாகச் சொல்லும் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்திருக்கிறார். அதில் முதல் ஆசனமே பச்சிமோத்தானாசனம். காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, கால் கட்டைவிரலைப் பிடிக்க வேண்டும். முதல் நாளே இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுள்ளென்று இழுத்திருக்கிறது. "வலித்தால் பிடிப்பு விடுகிறது என்று அர்த்தம், நிறுத்தாதீர்கள்" என்று வீடியோவில் சொன்னார்களாம். இவரும் நிறுத்தவில்லை. என்னிடம் வந்தபோது வலது பக்கம் மட்டும் பாரத்தைப் போட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் இடது காலை மெல்லத் தூக்கினேன். இரண்டு சாண் உயரம்கூட எழவில்லை, கட்டில் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். கட்டைவிரலைப் பஞ்சால் வருடினால் உணர்ச்சி மந்தமாக இருந்தது. "யோகாதானே டாக்டர், அதில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்" என்றார்.

வலித்தால் பிடிப்பு விடுகிறது என்ற இந்த ஒரு நம்பிக்கை செய்யும் கெடுதலை வேறு எதுவும் செய்வதில்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தசை இழுபடுவது வேறு, நரம்பு இழுபடுவது வேறு. பின்தொடைத் தசை இழுபட்டால் தொடையின் நடுப்பகுதியில் மிதமான இறுக்கம் தெரியும். காலைத் தளர்த்திய சில நொடிகளில் அது போய்விடும். நரம்பு இழுபட்டால் வலி ஒரு கோடு போலக் கீழே இறங்கும், முழங்காலைத் தாண்டும், எரியும், மதமதக்கும், மின்சாரம் பாய்ந்தது போல் வெட்டும். ஆசனத்தை விட்ட பிறகும் நிற்காது. சந்தேகமாக இருந்தால், கால் இழுக்கும் அந்த நிலையில் இடுப்பை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்திப் பாருங்கள். தலையை நிமிர்த்தியதும் காலில் இழுவை குறைகிறதென்றால் அதில் நரம்புக்கும் பங்கு இருக்கிறது. பின்தொடைத் தசை கழுத்து வரை வருவதில்லை. வலிக்கும் நரம்பைப் பல்லைக் கடித்து இழுத்து வலியைப் போக்க முடியாது.

இன்னொன்று. உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்குப் பின்தொடைத் தசை இறுகியிருக்கும். அந்தத் தசை இடுப்பெலும்பின் அடியில், நாம் உட்காரும் எலும்பில்தான் பற்றியிருக்கிறது. அது இறுகியிருந்தால் குனியும்போது இடுப்பெலும்பு முன்னால் சாயாது. சாயாவிட்டால் அத்தனை வளைவையும் கீழ்முதுகு ஏற்க வேண்டும். அங்கே முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் ஏற்கெனவே நலிந்திருந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தசையாவது நீளுமா என்றால், முதல் சில வாரங்களில் நாம் கூடுதலாகக் குனிவதற்குப் பெரும்பாலும் காரணம் இழுவையைத் தாங்கிக்கொள்ள உடம்பு பழகுவதுதான். பல்லைக் கடித்து இழுப்பதால் அது வேகமாக நடப்பதில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் சொல்வதே ஒரு நீட்சிக்கு 10 முதல் 30 நொடி, வயதானவர்களுக்கு 30 முதல் 60 நொடி, இரண்டிலிருந்து நான்கு முறை. அதுவும் இலேசான இறுக்கம் தெரியும் இடம் வரைதான்.

நான் யோகாவுக்கு எதிரானவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முறையாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் என் நோயாளிகளை நானே அனுப்புகிறேன். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கிய தேசிகாச்சார், ஆளைப் பார்த்துத்தான் ஆசனத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற வழியில் கற்பித்தவர். வீடியோவால் செய்ய முடியாததும் அதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயது என்ன, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறதா, கர்ப்பமா என்று அதற்குத் தெரியாது. அந்த வேலையை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

ஆகவே முதல் நாள் பாயை விரிக்காதீர்கள். வீடியோவை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியரின் உடல் எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்க்காதீர்கள், அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். முடியாதவர்களுக்கு முழங்காலை மடக்கியோ தலையணை, நாற்காலி வைத்தோ மாற்று வழி காட்டுகிறாரா? யார் செய்யக்கூடாது என்று சொல்கிறாரா? எத்தனை மூச்சு இருக்க வேண்டும், எப்படி வெளியே வர வேண்டும் என்று சொல்கிறாரா? நேராகப் பெரிய ஆசனத்துக்குத் தாவாமல் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால்களைத் தளர்த்திவிட்டுத் தொடங்குகிறாரா? சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகா நெறிமுறை, பிரார்த்தனை முடிந்ததும் தளர்வுப் பயிற்சிகளில்தான் தொடங்குகிறது. நின்றபடி குனியும் பாதஹஸ்தாசனத்தை இதய நோய், டிஸ்க் கோளாறு, குடலிறக்கம், தலைச்சுற்றல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கவேண்டும் என்று அதில் எச்சரித்திருக்கிறார்கள். அரசு செலவில்லாமல் தந்திருப்பதை விட்டுவிட்டு "ஏழே நாளில்" என்று தொடங்கும் தலைப்புகளின் பின்னால் ஏன் ஓடுகிறீர்கள்?

யாருமே கவனிக்காத ஒன்று செல்போன் இருக்கும் இடம். தரையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். கையையும் காலையும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் தலை தொங்க வேண்டும், கழுத்து தளர்ந்திருக்க வேண்டும். இவர்களோ அடுத்து என்ன என்று பார்க்கக் கழுத்தைத் தூக்கித் திருப்புகிறார்கள், உடம்பின் பாரம் முழுவதும் கையில் இருக்கும்போதே. பிறகு கழுத்துவலி என்று வருகிறார்கள். பார்க்காமலே செய்யும் அளவுக்குத் தெளிவாகப் பேசும் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், அதன்மேல் நின்றுசெய்யும் ஆசனம் வேண்டாம்.

மன அமைதிக்கான வீடியோக்களிலும் தவறான தேர்வு நடக்கிறது. "மன அழுத்தம் தீர" என்று தலைப்பு இருக்கும், உள்ளே கபாலபாதி, பஸ்திரிகா என்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் ஓடும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றை வீடியோ பார்த்துச் செய்யவே கூடாது. தளர்வுக்கு வேண்டியது மூச்சை அடக்காமல், உள்ளிழுப்பதைவிட நிதானமாக வெளியே விடுவது. படுத்தபடி குரலைக் கேட்டு உடம்பைத் தளர்த்தும் யோக நித்திரைக்குத் திரையே தேவையில்லை, குரல் போதும். நடுவில் விளம்பரம் அலறாதபடி முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் இருப்பவர்கள் மல்லாந்து படுக்காமல் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறதா, திறந்தே வைத்திருங்கள்.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனியும் பயிற்சிகளைச் செய்யக்கூடாது. அப்படிக் குனிந்து பயிற்சி செய்தவர்களிடம் முதுகெலும்பு நசுங்கல் அதிகமானதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1984இலேயே வெளியிட்டது. மாதவிலக்கு நின்ற பெண்கள் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். கண் நரம்பைப் பாதிக்கும் குளுக்கோமா நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. சிரசாசனத்தின்போது கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காவதை நம் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இழுவையின் அளவே தெரியாது. உடம்பு இயல்பாகவே அதிகம் வளையும் இளம்பெண்களையும் சேர்த்துக்கொள்கிறேன். கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கை பின்னால் வளையும். எல்லோரும் பாராட்டுவார்கள். அவர்களுக்கு வேண்டியது தசை வலிமைப் பயிற்சி, மேலும் நீட்சி அல்ல.

கால் மரத்துப்போவது பரவினாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமாகி இருக்கையில் படும் இடம் மரத்தாலோ, எந்தப் பயிற்சியும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பெண்மணி குனிவதை நிறுத்திவிட்டார். இப்போது குப்புறப்படுத்துச் செய்யும் பயிற்சியும் சிறிது நடையும் மட்டும்தான். கால்வலி மேலேறி இடுப்போடு நிற்கிறது, நல்ல அறிகுறி. கட்டைவிரல் உணர்ச்சி திரும்பக் கொஞ்சம் நாளாகும்.

அவருக்கு அந்த வீடியோவை அனுப்பியது வெளியூரில் இருக்கும் மகள். அக்கறையால்தான் அனுப்பியிருக்கிறார். உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு வீடியோவை அனுப்புவதென்றால் முதலில் நீங்கள் முழுவதும் பாருங்கள். ஊருக்குப் போகும்போது அவர்கள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள், போக முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது. எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பெரியவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள்.