கடைசிப் பத்து மீட்டர்

சிங்கப்பூரில் ஒரு பூங்கா, அதன் நடுவே ஒரு மரப்பாலம். அந்தப் பாலத்தில் நாற்பது நிமிடம் முன்னும் பின்னும் நடந்திருக்கிறேன். ஃபோனில் அம்புக்குறி "3 மீட்டர்" என்றது. இரண்டடி வைத்தால் "9 மீட்டர்" என்று முதுகுப் பக்கம் காட்டியது, திரும்பி நடந்தால் மறுபடி 4. தலைக்கு மேல் மழையில் நனைந்த தூங்குமூஞ்சி மரம், காலைச் சுற்றிக் கொசு. தேடியது பொன்னோ வைரமோ இல்லை. யாரோ ஒளித்து வைத்த கட்டைவிரல் அளவு டப்பா, அதற்குள் சுருட்டிய ஒரு காகிதம், அதில் என் பெயரை எழுதிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கிடைக்கவில்லை.

இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் டப்பாவை ஒளித்துவிட்டு அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார், மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போவார்கள். ஜிபிஎஸ்தான் கையில் இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம் என்று நானும் முதலில் நினைத்தேன்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு, "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, நம் ஃபோன் தூரத்தைக் கணக்கிடுகிறது. மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும், ஆனால் ஃபோனில் இருப்பது சாதாரணக் கடிகாரம், அதன் பிழையைக் கழிக்க நான்காவது ஒன்றும் வேண்டும். ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். சிக்னல் நேராக வராமல் ஈர இலைகளில் வலுவிழந்து, பாறையிலோ கட்டடத்திலோ மோதித் திரும்பி வந்தால் அது சுற்றி வந்த தூரமும் கணக்கில் ஏறிவிடும். பாலத்தில் என் அம்புக்குறி ஆடியதற்கு இதுதான் காரணம். அதிலும் நின்ற இடத்தில் ஒரு தப்பு, நகர்ந்தால் வேறொரு தப்பு.

திறந்த வெளியில் நல்ல கருவி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் ஒளித்தவர் குறித்த எண்ணிலும் இதே அளவு பிழை இருக்குமே! இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் 10 மீட்டர். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டம் என்றால் 314 சதுர மீட்டர், அதற்குள் ஒரு கட்டைவிரல். செயற்கைக்கோள் நம்மை அந்த வட்டத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். இந்தப் பொழுதுபோக்கின் மரியாதைகளும் மதிப்பெண்களும் பையில் போடும் சாமான்களும் அந்த வட்டத்துக்காக வந்தவைதான்.

வட்டம் முன்பு இன்னும் பெரிதாக இருந்தது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது, 100 மீட்டர்வரை தப்பும். 2000 மே 2 அன்று அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800' என்று இணையக் குழு ஒன்றில் எழுதினார். எதையாவது எடுங்கள், எதையாவது வையுங்கள் என்பதுதான் அவர் சொன்ன விதி. சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். 45 டிகிரி, 17.460 நிமிடம் (இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, வினாடி அதிலும் அறுபதில் ஒரு பங்கு). புள்ளிக்குப் பிறகு வருவது நிமிடத்தின் பின்னம், வினாடி அல்ல. 17 நிமிடம் 46 வினாடி என்று படித்தால் ஏறக்குறைய 570 மீட்டர் தள்ளிப் போய்த் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது, நானும் செய்திருக்கிறேன்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று தேடும் கடினம், மற்றது நிலத்தின் கடினம். இரண்டும் 1-லிருந்து 5 வரை, அரை அரையாக ஏறும், ஆக ஒவ்வொன்றிலும் ஒன்பது படி, மொத்தம் 81 சேர்க்கை. இந்த 81-ஐயும் முடித்தே தீருவேன் என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நிலம் 1 என்றால் சக்கர நாற்காலியிலேயே போய் எடுக்கலாம். 5 என்றால் படகோ கயிறோ நீருக்கடியில் மூச்சுவிடக் காற்று உருளையோ இல்லாமல் முடியாது. 2008-ல் விண்வெளிக்குச் சுற்றுலா போன ரிச்சர்ட் கேரியட் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு 'கேச்சை' (ஒளித்து வைப்பதற்கு இந்த விளையாட்டில் இதுதான் பெயர்) வைத்தார், அதற்கும் நிலம் 5-தான், அதற்கு மேல் எண் இல்லை, பாவம்.

தேடும் கடினம்தான் வம்பு. நிலத்தைப் போய் நடந்து பார்த்துச் சொல்லிவிடலாம். தேடும் கடினத்தைப் போடுகிறவரோ டப்பா எங்கே என்று ஏற்கெனவே தெரிந்தவர்! விடை தெரிந்தவருக்கு விடுகதை எளிதாகத்தான் தோன்றும். அதனால் 1.5 என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் 3.5-க்கான வேலை. நான் எண்ணை நம்புவதைவிட அளவைப் பார்ப்பேன். 'மைக்ரோ' என்றால் 100 மில்லிலிட்டருக்குக் கீழே, பழைய ஃபிலிம் டப்பா மாதிரி. 'ரெகுலர்' என்றால் 1 லிட்டருக்கு மேல். காட்டில் மைக்ரோ என்று பார்த்தால் தண்ணீர் பாட்டில் இரண்டாக எடுத்துக்கொள்வேன்.

முடியவில்லை என்றால் குறிப்பு இருக்கும், ஆங்கில எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதியது. 26-ல் பாதி 13, ஆகவே இரண்டு முறை தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும், பூட்டுக்கும் சாவிக்கும் ஒரே முறை. தமிழில் இதைச் செய்ய முடியாது, 247 ஒற்றைப்படை. மெய்யெழுத்து பதினெட்டை மட்டும் ஒன்பது ஒன்பதாகத் தள்ளலாம், ஒரு நாள் செய்து பார்க்க வேண்டும்.

மரியாதைகளில் முதன்மையானது, எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே திரும்ப வைப்பது. இன்னும் நல்ல மறைவு கிடைத்ததே என்று நீங்கள் இரண்டடி நகர்த்த, அடுத்தவர் இன்னும் இரண்டடி நகர்த்த, எண் ஓரிடத்தில் டப்பா ஓரிடத்தில் என்று ஆகிவிடும். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே பதிவு போட வேண்டும். அது தோல்விக் கணக்கு இல்லை, ஒளித்தவருக்குத் தகவல். நாலு பேர் வரிசையாக அப்படிப் போட்டால் டப்பா காணாமல் போயிருக்கும் என்று அவர் வந்து பார்ப்பார். கையெழுத்துப் போடாமல் 'கண்டேன்' என்று பதிவது அசிங்கம். பெரிய டப்பாக்களில் இருக்கும் பொம்மையை எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைப்பது வழக்கம். உணவு வைக்கவே கூடாது, எலியும் எறும்பும் டப்பாவைக் கடித்துத் திறந்துவிடும். இதில் வேடிக்கை, உல்மரின் முதல் வாளியிலேயே ஒரு டின் பீன்ஸ் இருந்தது. வாளியைப் பாதி புதைத்தாரே, அதுவும் இன்று விதிமீறல், இடத்துக்காரர் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் இவருடையதை அவருடையது என்று எடுத்துக் குழப்பம்.

விளையாட்டில் இல்லாதவர்களுக்கு 'மகிள்' என்று பட்டப்பெயர். அவர்கள் கண்ணில் படாமல் எடுப்பது ஒரு கலை, ஆனால் ரொம்பப் பதுங்கினாலும் ஆபத்து. 2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறு நகரில் ஒருவர் எதையோ ஒளிப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து டப்பாவைத் தகர்த்தார்கள். டப்பாவின் வெளிப்பக்கம் இது விளையாட்டுச் சாமான் என்று எழுதுவது இதற்காகத்தான், உள்ளே இருப்பது தெரிகிற பெட்டி என்றால் இன்னும் நல்லது.

பையில் என்ன வேண்டும்? ஃபோன் போதும், கூட ஒரு பவர்பேங்க். நாள் முழுக்கக் காட்டில் என்றால் பேட்டரி மாற்றும் கையடக்க ஜிபிஎஸ் நல்லது. ஆனால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வகைக் கருவியை இந்தியாவுக்கு எடுத்துப் போகாதீர்கள், அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். டார்ச், கையுறை, சின்னக் கண்ணாடி (குனியாமல் பெஞ்சுக்கு அடியில் பார்க்க), புருவம் திருத்தும் பிளக்கர் (சுருட்டிய காகிதத்தை உருவ). பால்பாயிண்ட் ஈரக் காகிதத்தில் எழுதாது, பென்சில் எழுதும்.

காகிதம் ஏன் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். மூடிய டப்பா வெயிலில் 50 டிகிரிவரை சூடாகிறது, உள்ளே விரிந்த காற்று மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறுகிறது. திடீரென்று மழை, 25 டிகிரிக்கு இறங்குகிறது. உள்ளே அழுத்தம் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு குறைந்து, மூடியைச் சுற்றி நிற்கும் மழைநீரை டப்பாவே உறிஞ்சிக்கொள்கிறது! நாள்தோறும் இப்படி. ரப்பர் வளையமும் நாலு பக்கக் கொக்கியும் உள்ள சாப்பாட்டு டப்பா நெடுநாள் தாங்குவதும், ஃபிலிம் டப்பா ஒரு மழைக்காலத்தில் கஞ்சியாவதும் இதனால்தான்.

மூன்று வாரம் கழித்து அதே பாலத்துக்கு மறுபடி போனேன். இந்த முறை ஃபோனைப் பையில் போட்டுவிட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே நடந்தேன். வரிசையாகத் துருப்பிடித்த போல்ட்டுகள், எல்லாம் அசையாமல் இருக்க, ஒன்று மட்டும் லேசாகச் சுழன்றது. அடியில் காந்தம். கழற்றினால் உள்ளே குழாய், குழாய்க்குள் காகிதம். பென்சிலைத் தேடினால் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வேறு வழியில்லாமல், நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் அம்மாவிடம், "அக்கா, பேனா இருக்குமா?" என்றேன். அவர் கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்துவிட்டு, "அந்த போல்ட்டுதானே தம்பி? வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து கழற்றுறாங்க" என்றார்.