நீறு பூத்த நெருப்பின்மேல் ஒரு சிற்றூர்

1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சென்ட்ரேலியா என்னும் சிற்றூரில் பெட்ரோல் நிலையம் நடத்திவந்த ஒருவர், நிலத்தடித் தொட்டியில் எவ்வளவு எரிபொருள் மீதமிருக்கிறது என்று பார்க்க அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தார். கோல் சுட்டது. வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கியபோது, அது ஏறக்குறைய 78 டிகிரி செல்சியஸ் காட்டியது. அவர் அவ்வூரின் மேயரும்கூட. காலுக்குக் கீழே பதினேழு ஆண்டுகளாக நெருப்பு எரிந்துகொண்டிருப்பது ஊருக்கே தெரியும். அது எவ்வளவு நெருங்கிவிட்டது என்பது அன்றுதான் எண்ணாகத் தெரிந்தது.

சென்ட்ரேலியா நிலக்கரிக்காகவே பிறந்த ஊர். 1866-இல் முறைப்படி ஊராட்சித் தகுதி பெற்ற இந்த ஊரில் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது 2,761 பேர் வாழ்ந்தார்கள். இங்கு வெட்டப்பட்டது ஆந்த்ரசைட் என்னும் உயர்தர நிலக்கரி. கார்பன் மிகுந்த இந்தக் கரி எளிதில் தீப்பற்றாது; பற்றிவிட்டாலோ அதிகப் புகையின்றி, மிகுந்த வெப்பத்தோடு நெடுநேரம் கனலும். அடுப்புக்கு இதைவிட நல்ல கரி கிடையாது. அடுப்புக்குச் சிறப்பான அதே இயல்புதான் பின்னால் ஊருக்கு வினையானது.

கரியை வெட்டியவர்கள் சுரங்கக் கூரை இடிந்துவிடாமல் இருக்க, இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவிட்டு, சுற்றியிருந்ததைக் குடைந்து எடுத்தார்கள். 1929-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு பெரிய சுரங்கங்கள் மூடப்பட்டதும், வேலையிழந்தவர்கள் அனுமதியின்றி உள்ளே இறங்கி அந்தத் தூண்களையும் வெட்டி எடுத்தார்கள். ஆகவே ஊருக்கு அடியில் மிஞ்சியவை வரைபடத்தில் சரிவரப் பதிவாகாத வெற்றிடங்கள், சரிந்த கூரைகள், அரைகுறைத் தூண்கள். நெருப்பின் கணக்கில் இவை விறகும் காற்றுக்குழாயும் சேர்ந்த ஓர் அமைப்பு.

1962 மே மாத இறுதியில், போர்வீரர் நினைவு நாளுக்கு முன்பாக, ஊரின் குப்பைக் கிடங்கைத் தீயிட்டுத் தூய்மை செய்தார்கள் என்பதே நெருப்பின் தொடக்கம் பற்றிப் பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம். அந்தக் கிடங்கு, திறந்தவெளியில் கரி வெட்டிக் கைவிடப்பட்ட ஒரு பள்ளம். மேலே தெரிந்த தழலை நீர் ஊற்றி அணைத்தாலும், பள்ளத்தில் சரியாக அடைக்கப்படாத ஒரு திறப்பின் வழியே கனல் பழைய சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது.

உள்ளே நடப்பது கொழுந்துவிட்டு எரியும் தீ என்று கற்பனை செய்தால் தவறாகிவிடும். அது பெரும்பாலும் கரியின் பரப்பில் மெல்ல நிகழும் தணல் எரிதல். இதற்குச் சிறிதளவு ஆக்சிஜன் போதும். கரிக்கு மேலும் கீழும் உள்ள பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், உண்டாகும் வெப்பம் வெளியேறாமல் தேங்கி, அடுத்திருக்கும் கரியைப் பற்றவைக்கிறது. சூடேறிய வளிமங்கள் மேட்டுப் பக்கத்து வெடிப்புகள் வழியே வெளியேறும்போது, தாழ்வான திறப்புகள் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரு புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். தூண் எரிந்து சாம்பலானதும் கூரை சரிகிறது; சரிவு புதிய வெடிப்பைத் திறக்கிறது; வெடிப்பு மேலும் காற்றைக் கொண்டுவருகிறது. நெருப்பு தனக்கு வேண்டிய காற்றுவழியைத் தானே வெட்டிக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

அணைப்பது ஏன் கடினம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஊற்றிய நீர் குடைவுகளின் வழியே வடிந்துபோகும். மிகச் சூடான கரியைத் தொடும் நீராவியோ ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறக்கூடும். காற்றை அடைத்துவிட்டாலும் பாறை ஆறும்வரை அடைத்தே வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு விரிசல் விட்டாலும் மீண்டும் கனலும். துளையிட்டுப் பாறைத்தூளையும் எரிசாம்பலையும் உள்ளே செலுத்தினார்கள். நெருப்புக்கு முன்னால் அகழி வெட்டிப் பார்த்தார்கள். பணம் தீர்ந்ததும் ஒவ்வொரு திட்டமும் பாதியில் நின்றது. நெருப்பு சிறிதாக இருந்தபோது செலவிடத் தயங்கியதே பெரும் பிழை என்பது என் கருத்து: முழுவதையும் தோண்டியெடுக்க 66 கோடி டாலருக்கும் மேல் ஆகும் என்று 1983-இல் மதிப்பிட்டார்கள்.

ஊரைக் கலைத்தவை இரண்டு: தரை உள்வாங்குதலும் கார்பன் மோனாக்சைடும். 1981 பிப்ரவரியில், பாட்டி வீட்டுத் தோட்டத்தில் நின்றிருந்த 12 வயதுச் சிறுவனின் காலடி நிலம் திடீரெனத் திறந்துகொண்டது. ஒரு மரவேரைப் பற்றித் தொங்கிய அவனை உறவுக்காரச் சிறுவன் மேலே இழுத்துக் காப்பாற்றினான். அந்தக் குழியிலிருந்து வெளிவந்த ஆவியில் உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருந்தது. நிறமோ மணமோ இல்லாத இந்த வளிமம், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அது வெடிப்புகளின் போக்கில் வருவதால், ஒரு வீட்டின் நிலவறையில் நிரம்பி, அடுத்த வீட்டை எட்டிக்கூடப் பாராமல் போகலாம். ஊர் இரண்டுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆபத்து என்று அலறியவரும், கரி உரிமையைப் பறிக்க அரசு செய்யும் சூழ்ச்சி என்று மறுத்தவரும் தத்தம் வீட்டு அனுபவத்தையே பேசியிருக்கலாம்.

மக்களை இடம்பெயர்க்க அமெரிக்க நாடாளுமன்றம் 4.2 கோடி டாலர் ஒதுக்கியது. 1980-இல் ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1990-இல் 63 பேர் எஞ்சினார்கள். அங்கே வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டப்பட்டவை. பக்கத்து வீட்டை இடித்ததும் தனித்து நின்ற சுவர் சாயாமலிருக்க, செங்கல் தாங்குதூண்களை வரிசையாக எழுப்பினார்கள். 1992-இல் மாநில அரசு எல்லாச் சொத்துகளையும் கையகப்படுத்தியது. 2002-இல் அஞ்சல் குறியீட்டு எண்ணும் நீக்கப்பட்டது. போக மறுத்த சிலர் வழக்காடி, தம் வாழ்நாள்வரை அங்கேயே இருக்கலாம் என்ற உடன்பாட்டை 2013-இல் பெற்றார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

ஊரை ஒட்டிய குன்றில், 1911-இல் கட்டப்பட்ட உக்ரைனியக் கத்தோலிக்கத் தேவாலயம் மட்டும் இடிக்கப்படவில்லை. அதன் அடிநிலத்தை ஆராய்ந்தபோது கரிப்படுகை எதுவும் இல்லை, திடமான பாறைதான் இருக்கிறது என்று தெரியவந்தது. ஊரைவிட்டுப் போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும் வழிபாட்டுக்காக இன்றும் அங்கே வருகிறார்கள்.