ஒட்டு வேறு, கலப்பு வேறு

பாலக்கோடு பக்கம் விவசாயம் செய்யும் என் பெரியப்பா ஒரு போகத்துக்குத் தக்காளி விதை வாங்கவில்லை. முந்தின போகத்தில் நன்றாகக் காய்த்த ஒட்டுத் தக்காளியில் பெரிய பழங்களாகப் பொறுக்கி, விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து நாற்று விட்டார். காய்த்தபோது ஒரு செடியில் உருண்டை, பக்கத்துச் செடியில் சப்பட்டை, இன்னொன்றில் கோலிக்குண்டு. "சந்தூர்ல வாங்கின ஒட்டு மாங்கன்னு பதினஞ்சு வருசமா ஒரே மாதிரி காய்க்குது. இந்த ஒட்டு மட்டும் ஏன்டா இப்படிப் பல்லிளிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஒட்டுதல் என்றால் ஒன்றோடொன்று பொருந்திப் பற்றிக்கொள்வது. கிழிந்த துணிக்குப் போடுவதும் ஒட்டுதான். மாங்கன்றில் நடப்பதும் அதுவே: கொட்டையில் முளைத்த கன்றின் தண்டைச் சீவி, நல்ல தாய்மரத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வளரும், ஆனால் கலக்காது. மேலே இருப்பது தாய்மரத்தின் துண்டே என்பதால் பெங்களூரா ரக மா பெங்களூராவாகவே காய்க்கும். இங்கே கணிப்பதற்கு ஒன்றுமில்லை.

கலத்தல் அப்படி இல்லை. ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் சூல்முடியில் சேர்த்தால், விளையும் விதைக்குள் இரு பெற்றோரின் மரபணுக்களும் பாதிப் பாதியாக இருக்கும். இந்த விதையைத்தான் பாக்கெட்டில் 'வீரிய ஒட்டு ரகம்' என்று அச்சடிக்கிறார்கள். வீரியம் சரி. கலப்பில் பிறந்த முதல் தலைமுறை பெற்றோரைவிடச் செழிப்பாக வளர்வதுண்டு. அதற்கு ஹெட்டெரோசிஸ் என்று 1914-ல் பெயர் வைத்தவர் அமெரிக்கரான ஷல். ஒட்டுதான் பொருந்தவில்லை. ஒட்டுச்செடி என்றால் உயர்ந்த செடி என்ற மதிப்பு ஏற்கெனவே இருந்ததால் புது விதைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

வேடிக்கை என்னவென்றால், மாட்டுக்கு நாம் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறோம். கலப்பினப் பசு, பேச்சில் கிராஸ் மாடு. ஒட்டு மாடு என்று யாரும் சொல்வதில்லை. ஹைப்ரிட் என்ற சொல்லும் கால்நடையிலிருந்து வந்ததுதான். இலத்தீனில் ஹிப்ரிடா என்றால் வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. அதற்கு நேரான தமிழ் கலப்பினம். ஹைப்ரிட் விதை என்றால் முதல் தலைமுறைக் கலப்பு விதை. நீளம்தான், ஆனால் 'முதல் தலைமுறை' என்பதை விட்டுவிட்டால் பெரியப்பாவுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

ஏன் என்பதைக் கண்டவர் மெண்டல். இன்றைய செக் நாட்டின் பர்னோ நகர மடத்தில் பட்டாணியைக் கலந்து வளர்த்து, 1866-ல் முடிவுகளை வெளியிட்டார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அதையே தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

முதல் தலைமுறையில் தெரியும் பண்பைத் தமிழில் ஓங்கு பண்பு என்றும், மறைந்திருப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்கிறோம். இரண்டாவது சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். சைவ சித்தாந்தத்தில் ஒடுக்கம் என்றால் இல்லாமல் போவதல்ல, மறுபடி தோன்றும்வரை அடங்கியிருப்பது. சுருங்கிய பட்டாணி செய்ததும் அதைத்தான்.

சரி, தக்காளிக்கு வருவோம். சில ரகங்களில் காயின் காம்படியில் கரும்பச்சையாக ஒரு தோள்பட்டை இருக்கும், சிலவற்றில் காய் முழுக்க ஒரே வெளிர்பச்சை. தோள்பட்டை ஓங்கு பண்பு, வெளிர்பச்சை ஒடுங்கு பண்பு. பாடப்புத்தகத்தில் ஓங்கு பண்புக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் ஒடுங்கு பண்புக்குச் சிறிய எழுத்தும் போடுவார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆனால் நெடிலும் குறிலும் இருக்கின்றனவே! ஓங்குவதற்கு ஓ, ஒடுங்குவதற்கு ஒ.

ஒரு பண்புக்கு ஒவ்வொரு செடியிலும் இரண்டு எழுத்து, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஓஓ செடியையும் ஒஒ செடியையும் கலந்தால் எல்லா விதையும் ஓஒ. வயல் முழுக்கத் தோள்பட்டைக் காய், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே இந்தப் பழத்தின் விதைக்குத் தாயும் தந்தையும் ஓஒ செடிதான். தாயக்கட்டம் மாதிரி இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு, மேலே ஓ, ஒ என்றும் பக்கத்தில் ஓ, ஒ என்றும் எழுதி நிரப்பினால் ஓஓ, ஓஒ, ஒஓ, ஒஒ. முதல் மூன்றும் தோள்பட்டை, கடைசி வெளிர்பச்சை. கேம்பிரிட்ஜில் இருந்த புன்னட் வகுத்தது என்பதால் இது புன்னட் கட்டம். நான்கு செடி நட்டால் கட்டாயம் ஒன்று வெளிர்பச்சை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு விதைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று, அவ்வளவுதான்.

இது ஒரு பண்புக்கு. கடை விதை மாதிரியே இரண்டு எழுத்தும் கலந்து வர வாய்ப்பு நான்கில் இரண்டு, அதாவது பாதி. பெற்றோர் இருவரும் தனித்தனியே கடத்தப்படும் பத்து மரபணுக்களில் வேறுபட்டிருந்தால், பெரியப்பா எடுத்த ஒரு விதை அந்தப் பத்திலும் கடையில் வாங்கிய விதை மாதிரியே இருக்க வாய்ப்பு 1024-ல் ஒன்று. அவர் நட்ட நாற்றும் கிட்டத்தட்ட ஆயிரம்தான்.

மல்லிகா மாம்பழத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு சொல்லும் ஒரே மரத்தில் வரும். நீலம், தஷேரி என்ற இரு மா ரகங்களைக் கலந்து பிறந்தது அது, அந்த வகையில் கலப்பினம். அப்புறம் அதன் குணம் சிதறாமல் இருக்க நாற்றங்காலில் பெருக்குவது ஒட்டுக் கட்டித்தான். இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ தக்காளிக்கும் ஒட்டுக் கட்டிட்டா?" என்றார். கட்டலாம், சுண்டைக்காய், கத்தரித் தண்டில் தக்காளியை ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு போகத்தோடு முடிகிற செடிக்கு, அடுத்த முறையும் மேலே வைக்கத் தக்காளி நாற்று வேண்டுமே. அதற்கு விதைக்கடைக்குத்தான் போகவேண்டும்.