எலும்பு கிடைக்காத மாஸ்டடான்

கிரீன்லாந்தின் வடகோடியில், ஆர்க்டிக் பெருங்கடலை ஒட்டி, பியரி லேண்ட் என்று ஒரு நிலப்பகுதி இருக்கிறது. துருவப் பாலைவனம். அங்கே பனிப்பொழிவே அவ்வளவு குறைவு என்பதால், கிரீன்லாந்தைப் போர்த்தியிருக்கும் பெரும் பனிப்படலம்கூட அதன் பெரும்பகுதியை மூடவில்லை. ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 17 டிகிரி செல்சியஸ். கஸ்தூரி எருது, ஆர்க்டிக் முயல், தரையோடு தரையாகப் படர்ந்த சில செடிகள், இவற்றைத் தாண்டி அதிகம் ஒன்றும் கண்ணில் படாது.

அங்கே காப் கோபன்ஹேகன் என்ற இடத்தில் மணலும் வண்டலும் களிமண்ணுமாகச் சுமார் 100 மீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் ஆறு கடலில் கலந்த கழிமுகத்தில் சேர்ந்த மண் அது. 1980களிலிருந்தே டென்மார்க் ஆய்வாளர்கள் அங்கிருந்து லார்ச் மரத் துண்டுகளையும் இலைகளையும் பூச்சிகளின் உடல் பாகங்களையும் எடுத்து வந்தார்கள். ஆக, அங்கே காடு இருந்தது என்பது பழைய செய்தி. காட்டில் எந்த விலங்குகள் திரிந்தன என்பதுதான் தெரியவில்லை. பாலூட்டிகளின் எலும்பு கிட்டத்தட்ட கிடைக்கவே இல்லை.

2022 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு ஆய்வு வெளிவந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் குர்ட் கியார், எஸ்கே வில்லர்ஸ்லெவ் உள்ளிட்ட பெரிய குழு எழுதியது. எலும்பைத் தேடுவதை விட்டுவிட்டு 41 மண் மாதிரிகளை எடுத்து, அவற்றிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்துப் படித்திருந்தார்கள். வயது சுமார் 20 லட்சம் ஆண்டுகள். அதுவரை படிக்கப்பட்டதிலேயே பழைய டி.என்.ஏ. சைபீரிய மாமூத் பல் ஒன்றிலிருந்து வந்தது. அதற்குப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான்.

விலங்கு உயிரோடு இருக்கும்போதே சாணம், சிறுநீர், உதிர்ந்த முடி, தோல் என்று தன் டி.என்.ஏ.வைச் சுற்றிலும் சிந்திக்கொண்டே இருக்கிறது. செடிகளிலிருந்து இலையும் வேரும் மண்ணில் சேர்கின்றன. சாதாரணமாக இவற்றை நுண்ணுயிரிகளின் நொதிகள் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். நீரும் வெப்பமும் மிச்சத்தை அறுத்துவிடும். ஆனால் களிமண் துகள் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. டி.என்.ஏ.வின் முதுகெலும்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. களிமண் தகடுகளின் பரப்பும் அப்படித்தான். இரண்டும் ஒன்றையொன்று விலக்க வேண்டும். ஆனால் நீரில் கரைந்துள்ள கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் நடுவில் புகுந்து இரண்டையும் பிணைத்துவிடுகின்றன. ஒட்டிக்கொண்ட டி.என்.ஏ.வை நொதிகளால் எளிதில் நெருங்க முடியாது.

மீதி வேலையைக் குளிர் பார்த்துக்கொண்டது. டி.என்.ஏ. சிதையும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. மைனஸ் 17 டிகிரியில் 20 லட்சம் ஆண்டுகளில் ஆகும் சேதம், எப்போதும் 10 டிகிரியில் இருக்கும் இடத்தில் சுமார் 2,700 ஆண்டுகளில் ஆகிவிடும் என்று ஆய்வுக்குழு கணக்கிட்டது. அப்படிப் பார்த்தால் இந்த வயது அவ்வளவு நம்பமுடியாததாகத் தெரியவில்லை.

சிக்கல் என்னவென்றால், காப்பாற்றிய களிமண் பிடித்ததை விடவும் மாட்டேன் என்கிறது. குவார்ட்ஸ் மணலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பது எளிது. ஸ்மெக்டைட் என்ற களிமண் வகை மிகக் கொஞ்சத்தையே திருப்பிக் கொடுக்கும். 2006இல் எடுத்து வந்த மாதிரிகள் பல ஆண்டுகள் ஆய்வகத்தில் காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்தெடுக்கும் முறைகளும் வரிசைப்படுத்தும் கருவிகளும் மேம்பட்ட பிறகுதான் மண் வாய் திறந்தது.

கிடைத்தவை எல்லாம் துண்டு துணுக்குகள், பெரும்பாலும் சில பத்து எழுத்துகள் (டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை இப்படித்தான் சொல்வார்கள்) நீளம். கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில் இருக்கும் அரை வரியைப் படித்து எந்தப் பத்திரிகை என்று சொல்வது போன்ற வேலை. இப்படி 1,600 கோடிக்கும் மேற்பட்ட துணுக்குகளை இன்றைய உயிரினங்களின் மரபணுத் தொகுப்புகளோடு ஒப்பிட்டார்கள்.

சரி, அது யாரோ ஒரு ஆய்வாளரின் கையிலிருந்து ஒட்டிய புதிய டி.என்.ஏ. இல்லை என்று எப்படித் தெரியும்? பழைய டி.என்.ஏ.வுக்கு ஒரு தழும்பு உண்டு. காலப்போக்கில் சைட்டோசின் என்ற எழுத்து வேதிமாற்றம் அடைகிறது. கருவி அதைத் தைமின் என்று தவறாகப் படிக்கிறது. துணுக்குகளின் இரு முனைகளிலும் இது அதிகம் நடக்கும். முனைகளில் இந்தத் தவறு குவிந்திருந்தால் சரக்கு பழையது. புதிய டி.என்.ஏ.வில் இந்தக் குவியலைப் பார்க்க முடியாது.

ஆனால் தழும்பு வயதைத் துல்லியமாகச் சொல்லாது. அதற்கு மண்ணையே கேட்டார்கள். குவார்ட்ஸ் மணி தரையின் மேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உண்டாக்குகின்றன. ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வேண்டும். எனவே விகிதம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்த்தால் புதைந்த காலம் தெரிந்துவிடும். அப்புறம், மண் அடுக்குகளில் பதிந்த பூமியின் பழைய காந்தத் திசையையும் வைத்துச் சரிபார்த்தார்கள்.

பட்டியலில் பாப்லர், பிர்ச், துஜா மரங்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தாவரப் பேரினங்கள் இருந்தன. விலங்குகளில் கலைமான், முயல், லெம்மிங் என்ற எலி போன்ற சிறு விலங்கு, வாத்து இனம். கழிமுகத்தின் கடல் பக்கத்திலிருந்து குதிரைலாட நண்டு. இவற்றோடு மாஸ்டடான்! யானைக்குத் தூரத்து உறவான அந்தப் பெரிய விலங்கு வட, மத்திய அமெரிக்காவில் வாழ்ந்தது தெரியும். கிரீன்லாந்து வரை வந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்போது ஆண்டுச் சராசரி வெப்பம் இன்றைவிட 11 முதல் 19 டிகிரி அதிகம்.

எனக்கு மாஸ்டடானைவிட மரங்கள்தான் வியப்பு. எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் அந்த அட்சரேகையில் குளிர்காலத்தில் நான்கு மாதங்களுக்கு மேல் சூரியனே உதிக்காது. இருட்டைத் தாக்குப்பிடித்து, கோடையின் தொடர் வெளிச்சத்தில் வளர்ந்த காடு அது. இன்று வடதுருவப் பகுதியின் செடிகளும் தெற்கத்திக் காட்டு மரங்களும் இப்படி ஒரே இடத்தில் கலந்து வளரும் காட்டைப் பூமியில் எங்கும் காண முடியாது.

ஒரே இடத்தில் என்று சொல்வதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆறு அடித்துக்கொண்டு வந்து சேர்த்த மண் இது. மாஸ்டடான் மேய்ந்தது மேட்டு நிலத்திலா, கரையோரக் காட்டிலா என்று மண் சொல்லாது. ஊனுண்ணிகளின் தடயமும் கிடைக்கவில்லை. இத்தனை தாவர உண்ணிகள் இருந்த இடத்தில் அவற்றைத் தின்ன ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. எண்ணிக்கையில் குறைவாக உள்ள விலங்கு மண்ணில் சிந்தும் டி.என்.ஏ.வும் குறைவு, 41 மாதிரிகளில் அது சிக்காமல் போயிருக்கலாம்.