உப்புக் கரிக்காத பாலைவன ஏரி

செயற்கைக்கோள் எடுத்த சகாராப் படம் ஒன்றை அனுப்பி, "மணலுக்கு நடுவே சீப்புப் பல் மாதிரி நீலக் கோடுகள் தெரிகின்றனவே, நிஜத் தண்ணீரா, யாராவது ஒட்டி வைத்ததா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நிஜத் தண்ணீர்தான். சாட் நாட்டின் வடகிழக்கில் உள்ள ஊனியங்கா ஏரிகள் அவை. மொத்தம் 18. யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் மழைகூட அங்கே கிடையாது. வெயிலும் காற்றும் சேர்ந்து ஓராண்டில் குடித்துவிடுவதோ சுமார் 6 மீட்டர் உயரத் தண்ணீரை!

அப்படியும் ஏரி வற்றாததற்குக் காரணம் நிலத்தடி நீர். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாராவில் நல்ல மழை பெய்தது. அன்று மணற்பாறைக்குள் இறங்கிய நீர்தான் இன்றும் ஊறி வருகிறது. கோடுகளைப் போட்டது காற்று. திபெஸ்தி, என்னெடி என்ற இரு மலைப்பகுதிகளுக்கு இடையே வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் அது, மணலை நீள நீளமான குன்றுகளாகக் குவித்துப் பள்ளத்தைத் துண்டு துண்டாக்கிவிட்டது.

சரி, இதுவரை புதிதாக ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெளியேற வழியில்லாத ஏரி நாளாக ஆக உப்பாகத்தான் வேண்டும். அதே ஊனியங்காவின் யோவான் ஏரி அப்படித்தான் ஆகிவிட்டது. 27 மீட்டர் ஆழம் இருந்தும் பாசியும் சில நுண்ணுயிர்களும் தவிர வேறெதுவும் அதில் பிழைப்பதில்லை. ஆனால் 40 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊனியங்கா செரிர் என்ற ஏரித் தொகுதியில் பல ஏரிகள் நன்னீராகவே இருக்கின்றன. எப்படி?

நாணல்தான் காரணம். அந்த ஏரிகளின் பரப்பில் ஏறக்குறைய பாதியை மிதக்கும் நாணல் மூடியிருக்கிறது. அதன் அடியில் உள்ள நீரை வெயிலும் காற்றும் நேராகத் தொட முடியாது. அதனால் ஆவியாவது குறைகிறது. நடுவில் உள்ள தெலி ஏரியில் இந்தப் போர்வை இல்லை. 436 ஹெக்டேர் பரப்பு, ஆனால் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. திறந்து கிடப்பதால் அதன் நீர் வேகமாக ஆவியாகி, மட்டம் பக்கத்து ஏரிகளைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. மட்டம் இறங்கினால் நீர் எங்கே போகும்? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. இடையில் இருப்பது மணற்குன்று. மணல் நீரைத் தடுக்காது. பக்கத்து ஏரிகளின் நீர் குன்றுகளின் அடிவழியாகக் கசிந்து தெலிக்குப் போகிறது, கரைந்த உப்பையும் எடுத்துக்கொண்டு. போன இடத்தை நிலத்தடியிலிருந்து புதுநீர் நிரப்புகிறது. ஆக, ஒரு ஏரி மொத்த உப்பையும் வாங்கிக்கொள்வதால் மற்றவை நன்னீராகவே நீடிக்கின்றன. மணலையும் நாணலையும் தவிர வேறு எந்தக் கருவியும் இல்லை!

நன்னீர் இருப்பதால் மீனும் இருக்கிறது. சகாராவைக் கடக்கும் வலசைப் பறவைகளுக்கு அந்த நாணல் இறங்கி இளைப்பாற ஒரு இடம். பறவைகள் படத்தில் தெரியாது. ஒரு புள்ளியே பல மீட்டர் அகலம். நாணல் தெரியும். பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் அதை விழுங்கிவிடும். அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்து அச்சிட்ட படத்தில் ஏரி கறுப்பு, நாணல் சிவப்பு.

லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் இப்படிப்பட்ட படங்களை ஒரு காலத்தில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2008இல் அமெரிக்க அரசு எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அறிவியல் தரவை மக்களுக்கே விற்பது எந்த நாட்டில் நடந்தாலும் அபத்தம் என்பது என் கட்சி. வாசகரும் இனி பிறர் அனுப்பும் படத்தை நம்பியிருக்க வேண்டாம். வடக்கு அட்சரேகை ஏறக்குறைய 19, கிழக்குத் தீர்க்கரேகை ஏறக்குறைய 20.9. படத்தில் அங்கே போய்த் தெலியையும் அதன் பக்கத்து ஏரிகளையும் அவரே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.